லக்ஷ்மா கவுட்டின் ஆடுகள்

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக் கல்நந்தியின் கதை மட்டக்களப்பின் படுவான்கரையில் எல்லாருக்கும் தெரியும். கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயத் தளபதி, இந்தக் கல்மாடு புல் தின்னுமா என்று ஏளனமாகக் கேட்டானாம். நந்தி எழும்பிப் புல்லைத் தின்றதாம். ஒரு மிருக உருவத்தில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க இதைவிடக் கறாரான சோதனை இல்லை. இந்திய ஓவியர் லக்ஷ்மா கவுட்டின் எட்சிங் ஆடுகளையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தலாம்.

கவுட் 1940இல் தெலங்கானாவின் மேதக் பக்கத்து நிஜாம்பூர் என்ற கிராமத்தில் பிறந்தவர். ஹைதராபாத்தில் ஓவியம் படித்தார். 1960களில் பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் பயின்றார். பெருநகரத்தில் தங்கிவிடாமல் ஹைதராபாத்துக்கே திரும்பி, பார்த்து வளர்ந்த ஆட்டையும் ஆட்டுக்காரரையும் தகட்டில் ஏற்றினார்.

எட்சிங்கில் உலோகத்தை வெட்டுவது கையல்ல, அமிலம். நாகத்தகட்டில் மெழுகுப் பூச்சுப் பூசி, ஊசியால் அதை மட்டும் கீறினால் போதும். கீறல் திறந்துவிட்ட இடத்தை அமிலம் அரிக்கும். ஊசிக்குத் தடையே இல்லாததால் கோடு பேனாக்கோடு போல ஓடுகிறது. ஆட்டு மயிருக்கு இதைவிடத் தோதான முறை எது? தகடு அமிலத்தில் கூடுதல் நேரம் கிடந்தால் கோடு கறுத்துத் தடிக்கும், சீக்கிரம் எடுத்தால் மெலியும். தாடி மயிரையும் கொம்பின் வரியையும் வேறு வேறு கனத்தில் காட்ட அந்த நேரக்கணக்கே போதும். கவுட் இதில் மன்னன். அவருடைய கறுப்பு வெள்ளை ஆடுகள் சந்தேகமில்லாமல் புல் தின்னும்.

இன்னொரு பலம் துணிச்சல். 1970களின் தகடுகளில் ஆடு, ஆண், பெண், மரம் எல்லாம் ஒரே தோலால் ஆனவை போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. காமம் ஒளிக்கப்படவில்லை. நகரத்துப் பார்வையாளர் முகம் சுளித்திருக்கலாம். பட்டியில் கிடாயையும் மறியையும் தினமும் பார்க்கிறவருக்கு அதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை.

குறை வேறிடத்தில். ஆடு மெல்ல மெல்ல அவருடைய முத்திரையாகிவிட்டது. பிறகு வந்த வண்ணப்படங்களிலும் கண்ணாடி ஓவியங்களிலும் சுடுமண்ணிலும் அதே ஆடு, அதே தலைப்பாகை, அதே அகன்ற கண்கள். கை தேர்ந்ததுதான், தேடல் நின்றுவிட்டது. அவற்றின் முன் புல்லை நீட்டினால் திரும்பியும் பாரா.

அதைவிடப் பெரிய குறை, இந்த ஆடுகளுக்கு விலையே இல்லை என்பது. எங்கள் பக்கத்தில் ஆடு என்பது ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் விற்கிற அவசரக்காசு. குழை வெட்டி வந்து போடுகிறவரின் களைப்பும், விற்கிற நாளின் கணக்கும் கவுட்டின் கிராமத்தில் கண்ணில் படுவதில்லை. வறட்சியும் கடனும் அந்த வேலிக்கு வெளியே நிற்கின்றன.

இந்த இடத்தில் வங்கத்துக் கலைஞர் சோம்நாத் ஹோர் நினைவுக்கு வருகிறார். 1943இன் பஞ்சத்தை நேரில் வரைந்தவர். 1970களில் ‘காயங்கள்’ வரிசையை வெள்ளைக் காகிதக்கூழில் வெறும் வெட்டுத் தழும்புகளாகவே வார்த்தார். மனிதனோ மிருகமோ முழு உருவாக அதில் இல்லை. 1987இலும் 1991இலும் படுகொலைகளைக் கண்ட கொக்கட்டிச்சோலையில் அந்தப் படங்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது. கவுட்டிடம் போய்க் காயத்தைக் கேட்பது நியாயமில்லை, அவர் பாதை அதுவல்ல. பசியையாவது கேட்கலாம்.

2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தகுதியான கௌரவம். ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்தப் போகிறவை 1970களில் கறுப்பு மையில் அச்சான ஆடுகள்தான். வண்ண ஆடுகள் பெரும்பாலும் அந்தப் பெயரை வைத்து விலைபோனவை.