குரோமோசோம் சொல்வதும் உடல் கேட்பதும்

மூலக்குளத்தில் டீக்கடை பெஞ்சில் சாந்தி சௌந்தரராஜன் பற்றிப் பேச்சு வந்தது. 'அது பொம்பளையே இல்லியாமே' என்றார் பக்கத்திலிருந்தவர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. 2006 டிசம்பரில் நாளிதழ்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் திருப்பிச் சொன்னார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர் சாந்தி. தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. சோதனையில் 'தோல்வி' என்று எழுதினார்கள். பால் என்ன பரீட்சையா, தோற்பதற்கு?

ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை என்று அப்போது சொல்லப்பட்டது. இந்நிலையில் குரோமோசோம் எக்ஸ்ஒய். உள்ளே இருக்கும் விரைகள் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். ஆனால் அதை வாங்கிக்கொள்ள வேண்டிய செல்லின் ஏற்பி முழுதாகவோ பாதியாகவோ வேலை செய்யாது. முழுதாகச் செய்யாவிட்டால் உடல் பெண்ணுடலாகவே வளரும். கருப்பை இராது, மாதவிடாய் வராது. 'பொண்ணு இன்னும் வயசுக்கு வரலியே' என்று டாக்டரிடம் போகும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. எந்த ஹார்மோனைக் காட்டி 'கூடுதல் பலம்' என்கிறார்களோ, அதன் பேச்சை அந்த உடல் கேட்பதே இல்லை! ஸ்பெயினின் தடை ஓட்டக்காரர் மரியா ஹோசே மார்த்தினெஸ் பத்தீஞ்ஞோ 1985-ல் குரோமோசோம் சோதனையால் விலக்கப்பட்டார். இதையே வாதிட்டு 1988-ல் ஓடும் உரிமையை மீட்டார். சாந்தியின் ஏற்பி எவ்வளவு கேட்கிறது என்று நான் படித்த எந்தச் செய்தியும் விசாரிக்கவில்லை. எக்ஸ்ஒய் என்ற இரண்டெழுத்தே மருத்துவச் சொல்லாடலுக்கும் பத்திரிகைக்கும் போதுமானதாக இருந்தது.

நம் யோக்கியதையும் அப்படித்தான். எர்குலின் பர்பேன் பெண்ணாக வளர்ந்தவர். 1860-ல் சட்டத்தால் ஆணாக்கப்பட்டு, 1868-ல் பாரிசில் தற்கொலை செய்துகொண்டார். ஃபூக்கோ 1978-ல் வெளியிட்ட அவருடைய குறிப்புகளை இந்தப் பிரெஞ்சு ஊரில் உட்கார்ந்து விடிய விடிய விவாதித்திருக்கிறேன். சாந்தியைப் பற்றி அன்று ஒரு வரி எழுதவில்லை. எழுதியவர்களில் சிலரும் அவரை அரவாணி என்று வகைப்படுத்தி நகர்ந்தார்கள். அவரோ தன்னைப் பெண் என்றே சொல்கிறார்.

இந்தக் குழப்பத்தைச் சட்டமும் வளர்க்கிறது. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இடைப்பால் குழந்தைகளின் உடலை அறுத்து 'சரிசெய்வதை'த் தடுக்கச் சொன்னது. ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி தடை என்று தமிழக அரசு ஆணையிட்டது. அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய திருநர் சட்டம் இடைப்பாலினரையும் திருநர் என்ற வரையறைக்குள்ளேயே போட்டுவிட்டது. உடல் அமைந்த விதமும் ஒருவர் தன் பாலை உணரும் விதமும் ஒன்றல்ல என்பது அந்த வரையறையில் காணாமல் போகிறது.

பெஞ்சுக்காரரிடம் ஏற்பி கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

'அப்ப மெடலைத் திருப்பிக் குடுத்துட்டாங்களா?'

'இல்லீங்க.'