நாற்பது பெயர்கள்: கால்டுவெல் நூலும் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேடும்

வலியசாலைக்காரர்களுக்குக் கல்வெட்டு ஆராய்ச்சி புதிதல்ல. காந்தளூர்ச் சாலை இதுதான் என்பது பலர் கருத்து. ராஜராஜ சோழன் அறுத்த 'கலம்' கப்பலா, உண்கலமா என்று வாதாடுவதில் நமக்கும் ஆசைதான். ஆனால் கல்வெட்டு பெரும்பாலும் ராஜாவையும் கோயிலையும் தானம் கொடுத்தவரையும் பேசும். சாதாரண ஜனங்களைப் பெயர் பெயராக எழுதி வைத்த ஏடு வேண்டுமென்றால் சபைப் பதிவேட்டுக்குத்தான் போக வேண்டும். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று ஒரு குடும்பத்தின் கதையே அதில் கிடக்கும்.

அப்படிப்பட்ட ஏடுகளைக் கொண்டு எழுதப்பட்ட முன்னோடி நூல் ஒன்று, பிஷப் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட, திருநெல்வேலி மிஷனின் ஆரம்ப கால வரலாற்றுப் பதிவுகள் பற்றிய ஆங்கில நூல். ஒப்பிலக்கணம் (1856) எழுதிய கால்டுவெல்லைத் தமிழர் கொண்டாடுகிறோம்; இந்த நூலை எத்தனை பேர் புரட்டினோம்? பாளையங்கோட்டைச் சபையில் 1780இல் எழுதப்பட்ட பதிவேட்டை அது எடுத்துப் பேசுகிறது. அதில் இருப்பது மொத்தம் 40 பேர். முதல் பெயர் குளோரிந்தா.

நூலின் பலம் ஆதாரத்தை விட்டு விலகாமல் நடப்பது. 1849இல் நாடார் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் அச்சமூகத்தாரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அங்கே பொதுப்படையாகத் தீர்ப்புச் சொன்ன கை, இங்கே ஏடு கையைப் பிடித்திருப்பதால் நிதானமாக எழுதுகிறது என்பது என் எண்ணம்.

குறை என்னவென்றால், நூலின் நாயகர் மிஷன்தான். 40 என்ற எண்ணிக்கை அங்கே வளர்ச்சியின் முதல் படி. நமக்கோ அது 40 மனுஷர்கள்.

குளோரிந்தாவையே பாருங்கள். தஞ்சையைச் சேர்ந்த மராத்திப் பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்த காலத்தில் ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அதிகாரி காலமான பிறகு 1778இல் கொடுத்தார். அந்த அம்மாள் முயற்சியில் எழும்பிய சிற்றாலயம் 1785இல் பிரதிஷ்டையாயிற்று. பதிவேடு அவரைக் 'குளோரிந்தா' என்கிறது. ஊர் ஜனங்களோ அந்த ஆலயத்தைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே சொன்னார்கள். ஏடு புதுப் பெயரை எழுதியது. ஊர் வாய் பழைய சாதியை விடவில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவரைப் புரிந்துகொள்ள முடியாது. அதனால்தான் பதிவேட்டை வாசிக்கிறவனுக்குக் காதும் வேண்டும் என்கிறேன்.

இது நெல்லையோடு நிற்கிற விஷயமல்ல. மயிலாடி மகாராசன் 1799இல் தஞ்சையில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைத்ததன் பேரில் 1806இல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்கு வந்தார். அந்தத் தென் திருவிதாங்கூர் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1959இல் கன்னியாகுமரிப் பேராயம் தனியானது. ஊர் ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம் என்று ஆன குடும்பங்கள் திருவனந்தபுரத்தில் எத்தனையோ. தாத்தா பெயர் நாகர்கோவில் பக்கத்துச் சபையில் தமிழில் இருக்கும். மலையாளம் படித்த பேரனுக்கு அதை வாசிக்கத் தெரியாது. கரையான் அரிக்காவிட்டாலும் அந்த ஏடு அவனுக்கு இல்லாத மாதிரிதான்.

கால்டுவெல் ஒரு பதிவேட்டைப் புத்தகத்தில் ஏற்றியதால், 240 வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த 40 பேரைப் பற்றி இன்றைக்குப் பேச முடிகிறது. நம் குடும்பத்துப் பெயர்களுக்கு அப்படியொருவர் வரமாட்டார். லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் சபை ஐயரிடம் அனுமதி வாங்கி, தங்கள் குடும்ப வரிகளையாவது பிரதி எடுத்து வரட்டும். கூடவே வீட்டுப் பெரியவர்களிடம், அந்தப் பெயரை ஊரில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்றும் கேட்டுப் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும். கால்டுவெல் நூலில் நான் காணும் குறையை நிரப்ப அதுவே வழி.