அவள் ஏன் சாகவேண்டும்?

ஒரகடம் சாலையை ஒட்டிய பங்கு ஒன்றில் ஞாயிறு மாலைத் திருப்பலிக்கு வருவோரில் பலர் இளம்பெண்கள். திருப்பெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் வேலை செய்பவர்கள்; சொந்த ஊரை விட்டு வந்து விடுதிகளில் வாழ்பவர்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட விடுதி வளாகத்தில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம் என்றால், இப்பகுதிக்கு வந்து சேர்ந்திருக்கும் இளமையின் அளவை வாசகர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

அவர்களுள் ஒருவர், திருப்பலி முடிந்தபின் நம்மிடம் ஒரு சிறுகதையைத் தந்தார். விடுதியில் வாழும் கத்தோலிக்கப் பெண்ணொருத்தி தன் அறைத் தோழியின்மீது நட்பைக் கடந்த அன்பு கொள்கிறாள். இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் கம்பெனிப் பேருந்தில் தோழி இவள் தோளில் சாய்ந்து உறங்குகிறாள். இவளோ பைக்குள் கையை விட்டுச் செபமாலையைப் பற்றியபடி விழித்திருக்கிறாள். இதுவரை கதை நம் கையைப் பிடித்து அழைத்துச் சென்றது. அடுத்த பக்கத்திலோ, சாலையைக் கடக்கையில் கன்டெய்னர் லாரி மோதி அவள் இறந்துவிடுகிறாள்.

"அவள் ஏன் சாகவேண்டும்?" என்று கேட்டோம்.

"நம்ம கோயில் பத்திரிகையாச்சே. அவ உசுரோட இருந்தா போடமாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அந்தப் பெண்ணைக் கொன்றது லாரி அன்று, நாம்தான் என்பது அப்போது விளங்கிற்று.

இப்பழக்கம் நேற்று வந்ததன்று. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை (1879) எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர். இன்பமூட்டி அறம் புகட்டுவதே அவருடைய நோக்கமாயிருந்தது. அந்நோக்கத்தில் குறையில்லை. ஆயின் அவருக்குப் பின்வந்த நம் ஞாயிறு மலர்க் கதைகள் அறத்தைத் தீர்ப்பாகச் சுருக்கிவிட்டன. உடலின் ஆசையால் அலைக்கழிக்கப்படும் பாத்திரத்திற்கு இரண்டே வழிகள் விடப்பட்டன: ஒன்று சாவு, மற்றொன்று மூன்று நாள் தியானத்தில் திடீர் மனமாற்றம். அம்மனமாற்றம் பாத்திரத்தின் உள்ளத்தில் நிகழ்வதில்லை. கதையை முடிக்க விரையும் ஆசிரியரின் பேனாவில் நிகழ்கிறது.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. அங்கே நம்பிக்கை என்பது கழற்றி எறியவேண்டிய விலங்கு. கதைத் தலைவி ஆலயத்தை விட்டு வெளியேறியதும் எல்லாம் தெளிந்துவிடுகிறது. முன்னது ஆசையைப் பொய்யாக்குகிறது. பின்னது செபத்தைப் பொய்யாக்குகிறது. இரண்டும் மெய்யாக இருக்கும்போதுதான் போராட்டம் உண்டு. அந்தப் பேருந்துக் காட்சியில் தோளின் பாரமும் செபமாலையின் பாரமும் ஒரே அளவாக இருந்தன. அதனாலேயே அது இலக்கியமாயிற்று.

நம் மொழியில் இதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் போகவில்லை. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) நாவலில், பூப்படைந்த லிஸி வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். பனையேறியின் மகன் தங்கராஜை விரும்புகிறாள். அவ்விருப்பத்தை ஆசிரியர் பாவமென்று முத்திரையிடவுமில்லை, புரட்சியென்று கொடிபிடிக்கவுமில்லை. அவள் காத்திருப்பதை நம்மையும் உடனிருந்து காணச் செய்கிறார். பாமாவின் 'கருக்கு' (1992) கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய பெண்ணின் தன்வரலாறு. அதன் மையம் சாதிக் கொடுமையே எனினும், மடத்தை விட்டவள் கடவுளையும் விட்டவள் என்ற நம் ஊர்ப்பேச்சை அது தகர்த்தது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) பரதவ மக்களின் காமத்தையும் பக்தியையும் ஒரே கடலில் மிதக்கவிடுகிறது. நெறி பிறழ்ந்த மனிதரும் பிறருக்காகத் தம்மை ஈயக்கூடும் என்பதை அந்நாவல் விளக்கவுரையின்றிக் காட்டுகிறது.

"நம் இதழ் குடும்பங்களுக்குள் செல்வது, இத்தகைய கதைகள் பாவத்தை இனிப்பாக்கிவிடாவா?" என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான அச்சமே. கிரஹாம் கிரீனின் 'தி பவர் அண்ட் தி குளோரி' (1940) நாவலுக்கும் இவ்வெதிர்ப்பு வந்தது. மெக்சிகோவில் திருச்சபை ஒடுக்கப்பட்ட நாள்களில் ஒளிந்து திரியும் குடிகாரக் குரு ஒருவர்; அவருக்கு ஒரு மகளும் உண்டு. தம் பாவத்திற்காக மனம் வருந்த முயல்கிறார். ஆனால் அப்பாவத்தின் கனியான குழந்தையை வெறுக்க அவரால் இயலவில்லை. ஒப்புரவு அருளடையாளத்தை இவ்வளவு கூர்மையாகச் சோதித்த நாவல்கள் சிலவே. 1953இல் வத்திக்கான் அந்நூலைக் கண்டித்தது. 1965இல் கிரீனைச் சந்தித்த திருத்தந்தை ஆறாம் பவுல், அவர் நூல்களில் சில பகுதிகள் கத்தோலிக்கர் சிலரைப் புண்படுத்தவே செய்யும், அதைப் பொருட்படுத்தவேண்டாம் என்று கூறினார். பாவம் இனிப்பாவது அதற்கு எடையே இல்லாத கதைகளில்தான். எடையை உணர்த்தும் கதையில் அன்று.

1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், தம் பாலினத்தாரிடமே நாட்டமுடையோரைக் கற்பு வாழ்வுக்கு அழைக்கிறது. அவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்கவேண்டும் என்று நம்மையும் பணிக்கிறது. முதற்பகுதியைச் சொல்ல மறைக்கல்வி வகுப்பு இருக்கிறது. இரண்டாம் பகுதியைக் கற்றுத்தரக் கதையைவிடச் சிறந்த பள்ளி எது? ஒருவரை மதிப்பதற்கு முதலில் அவரை உயிரோடு விட்டுவைக்கவேண்டுமன்றோ?

யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை நம் எழுத்தாளர்கள் மீண்டும் வாசிப்பார்களாக. சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் முதலில் கேட்டது தண்ணீர். அவளுடைய கணவர்களைப் பற்றிய பேச்சு அதன்பின்தான் வருகிறது. அப்பேச்சு அவளை அழிக்கவுமில்லை. குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடிச் சாட்சி சொல்லவைத்தது. தம் பாத்திரத்திடம் முதலில் தண்ணீர் கேட்கும் தாழ்மை எழுத்தாளருக்கு வேண்டும்.

கதையைத் திருப்பித் தந்துவிட்டோம். முடிவை மாற்றுங்கள் என்று நாம் சொல்லவில்லை; கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றோம். பேருந்து விடுதி வாசலில் நிற்கட்டும், அவள் தோழியை எழுப்பட்டும், இறங்கட்டும். அதன்பின் அவள் என்ன செய்வாள் என்பதை அவளே தன் ஆண்டவரோடு பேசிக்கொள்ளட்டும்.

அக்கதை வந்து சேர்ந்தால் இவ்விதழில் வெளியிடுவோம். அதைக் கண்டித்து வரும் மடல்களையும் வெளியிடுவோம்.