ஒரு நொடி, பல தட்டுகள்: ரொறன்ரோவில் நவ்ரூஸ்

2025 மார்ச் 20 விடிகாலை 5.01 மணிக்கு ரொறன்ரோ ஈரானியர் வீடுகளில் புத்தாண்டு பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 19 இரவு 11.06. சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் அந்த நொடிக்குத் 'தஹ்வீல்' என்று பெயர். வாக்கியம், திருக்கணிதம் என இரண்டு பஞ்சாங்கங்களையும் பார்த்து சித்திரைப் புத்தாண்டுக்கு மருத்துநீர் வைக்கும் ஸ்காபரோத் தமிழருக்கு இந்த நேரக்கட்டுப்பாடு உடனே விளங்கும். நாம் விண்மீன்களைக் கொண்டு சூரியன் மேட ராசியில் புகுவதைக் கணிக்கிறோம்; அவர்கள் பகலும் இரவும் சமமாவதைக் கணிக்கிறார்கள். 1079இல் நடைமுறைக்கு வந்த ஜலாலி நாட்காட்டியிலேயே அந்தக் கணக்கு துல்லியமாகிவிட்டது. அதை வகுத்தவர்களில் உமர் கய்யாமும் ஒருவர்.

நேரத்தில் விட்டுக்கொடுக்காதவர்கள் தட்டில் தாராளமானவர்கள். 'ஹஃப்த் சீன்' விரிப்பில் ஸகரத்தில் தொடங்கும் ஏழு பொருள்கள் வேண்டும். பூண்டு, ஆப்பிள், சுமாக், வினாகிரி எல்லாம் யங் வீதிக் கடைகளில் வாங்கிவிடலாம். தரம் தெரிவது ஏழில் ஒன்றான சமனுவில்தான். முளைவிட்ட கோதுமையை அரைத்துப் பால் பிழிந்து, மாவு கலந்து, அடிபிடிக்காமல் மணிக்கணக்கில் கிளற வேண்டும். சீனி ஒரு துளியும் சேர்ப்பதில்லை. முளையின் நொதிகளே மாச்சத்தை இனிப்பாக்குகின்றன. சீனி போட்ட சமனுவைச் சமனு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ஆப்கானியர் வழி வேறு. உலர்திராட்சை, பிஸ்தா, பாதாம் என ஏழு வகையை நீரில் ஊறவைத்து, அந்த இனிப்பு நீரோடு கிண்ணத்தில் தருவது அவர்களின் 'ஹஃப்த் மேவா'. இஸ்மாயிலிகளுக்கும் நவ்ரூஸ் திருநாள். பஹாயிகளுக்கோ பத்தொன்பது நாள் நோன்பு முடியும் நாள்.

ஜரதுஷ்டிரரிடம்தான் கணக்கே பிரிகிறது. லீப் நாள் சேர்க்காத ஷஹன்ஷாஹி நாட்காட்டியால் இந்திய ஜரதுஷ்டிரரான பார்சிகளின் புத்தாண்டு ஆகஸ்டுக்கு நகர்ந்துவிட்டது. பருவத்தோடு பொருந்தும் பஸ்லி நாட்காட்டியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலர் முன்வைத்தும் பார்சிகளில் பெரும்பாலோர் மாறவில்லை. ரொறன்ரோவில் ஈரானில் பிறந்த ஜரதுஷ்டிரரும் இந்தியாவிலிருந்து வந்த பார்சிகளும் மார்ச்சில் கூடி வசந்தத்தை வரவேற்கிறார்கள். ஆகஸ்டில் பார்சிகள் மறுபடியும் புத்தாண்டு கொண்டாடுகிறார்கள். அதைப் பிழை என்று திருத்த முனைவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பருவம் சொல்லும் நாளையும் முன்னோர் எண்ணி வந்த நாளையும் ஒருசேரக் காப்பது அவர்களுடைய உரிமை.