இந்த ஆளு ஊரா, சேரியா?

என் சித்தப்பா கோடம்பாக்கத்தில் சினிமா பேனர் வரைந்தவர். கட்டம் போட்டு முகத்தைப் பெரிசாக்குவதில் கெட்டிக்காரர். இருபதடிக்கு முகம் வரைந்தாலும் கீழே கம்பெனி பேர்தான் இருக்கும், அவர் பேர் இருக்காது. டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் 150ஆம் ஆண்டுக்காக 1988இல் ஒரு தபால்தலை வந்தது. அதில் ஆர்.கே. லக்ஷ்மணின் 'சாமானியன்' இருந்தான். ஏதோ ஒரு கவரிலிருந்து அதைக் கிழித்தெடுத்துச் சித்தப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கோட்டப் பாத்தியாடா, நாலே இழுப்புல ஆளு வந்துட்டான்" என்றார். அப்புறம் கேட்டார்: "ஆமா, இந்த ஆளு ஊர்ல இருக்கானா, சேரியில இருக்கானா?"

கார்ட்டூனிஸ்டுகளுக்குத் தரப்படும் விருதுகளைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

லக்ஷ்மணுக்குக் கிடைத்த மரியாதைகள் கொஞ்சநஞ்சமல்ல. 1973இல் பத்மபூஷண், 1984இல் மகசேசே விருது, 2005இல் பத்மவிபூஷண். 2001இல் புனேயில் அவருடைய சாமானியனுக்கே சிலை வைத்தார்கள். 2015 ஜனவரி 26 அன்று அவர் இறந்தபோது அரசு மரியாதையோடு தகனம். தகுதியில்லாதவருக்குக் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளி திறமை போதாது என்று திருப்பி அனுப்பிய ஆள் அவர். மைசூரில் படித்த காலத்தில் விடுமுறைக்கு வந்து நம் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். 1951இல் 'யூ செட் இட்' தொடங்கி, நாள் தவறாமல் மந்திரிகளின் மூக்கையும் தொப்பையையும் கோட்டில் பிடித்தவர். யாரும் ஏறெடுத்துப் பார்க்காத காக்கையை ஆசையாசையாக வரைந்தவர். அந்தக் கண்ணை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் எதற்கு விருது? 'இந்தியப் பொதுமனிதனைப் படைத்தார்' என்பதற்கு. அந்தப் பொதுமனிதனைப் பாருங்கள். வேட்டி, கட்டம்போட்ட கோட்டு, மூக்குக்கண்ணாடி. மந்திரி அறையில் நிற்பான், கட்சிக் கூட்டத்தில் நிற்பான், எங்கே பார்த்தாலும் நிற்பான். 'நீ யாரு, எந்தத் தெரு, யார் மகன்' என்று ஒருத்தரும் அவனை வாசலில் நிறுத்திக் கேட்பதில்லை. எந்த வாசலிலும் நிறுத்தப்படாதவனுக்குத்தான் இந்த நாட்டில் சாதியே இல்லாததுபோலத் தெரியும். லக்ஷ்மண் மைசூர்த் தமிழ்ப் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் கண்ணுக்குப் பொதுவாகப் பட்டது அவர் தெரு. அவன் வாய் திறப்பதில்லை என்பதையும் மெச்சுகிறார்கள். எங்கும் நுழையக்கூடியவன் பேசாமலிருப்பது அவன் சௌகரியம். நம் பாட்டன்மார் பேசாமலிருந்தது அடிக்குப் பயந்து. இரண்டு மௌனத்தையும் ஒன்றாக்கிப் பதக்கம் குத்தும்போது சாதி ரப்பர் போட்டு அழிக்கப்படுகிறது.

லக்ஷ்மணுக்கு முன்னோடியான சங்கரின் விருதுக் கணக்கு இன்னும் அப்பட்டமானது. 1956இல் பத்மஸ்ரீ, 1966இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண். பத்து வருஷத்துக்கு ஒன்று. அவர் 1949 ஆகஸ்டில் தன் 'சங்கர்ஸ் வீக்லி'யில் ஒரு படம் போட்டார். அரசியல் சட்டம் என்ற நத்தைமேல் பாபாசாகேப் கையில் சாட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். நேரு அடிப்பது நத்தையையா, அம்பேத்கரையா என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். முதுகில் அடிபட்ட வழக்கமுள்ள சனத்துக்கு அந்தச் சந்தேகம் வராது. அந்த அம்பேத்கருக்குப் பாரத ரத்னா கொடுத்தது 1990இல், அவர் இறந்து 34 வருஷம் கழித்து. படம் போட்டவருக்கு மூன்று பதக்கமும் மாட்டி முடித்த பிறகும், படத்தில் இருந்தவர் இன்னும் 14 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படியானால் நத்தை எது?

2006இல் இந்தப் படத்தை என்.சி.இ.ஆர்.டி. 11ஆம் வகுப்புப் பாடநூலில் சேர்த்தார்கள். 2012 மே மாதம் தொல். திருமாவளவன் நாடாளுமன்றத்தில் பிரச்சினையைக் கிளப்பினார். அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டு, படத்தை நீக்குவதாக அறிவித்தார். உடனே நமக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்று எழுதினார்கள். புனேயில் பாடநூல் ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தைத் தாக்கியது தப்பு. நம் கேள்வியைக் கேட்காமல் தட்டிக்கழிக்க அது அவர்களுக்கு வசதியாகப் போனது. கேள்வி இதுதான்: வகுப்பில் இந்தப் படத்தைப் பார்த்து யார் சிரிப்பான், யாரைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்?

சரியான பதில் 2019இல் வந்தது. தானே கார்ட்டூன் வரையும் உன்னமதி ஷ்யாம் சுந்தர், 1932 முதல் 1948 வரை பத்திரிகைகள் அம்பேத்கரை வரைந்த நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் திரட்டி, ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். 'நோ லாஃபிங் மேட்டர்' என்று பேர். சங்கர் அதில் இருக்கிறார், லக்ஷ்மணும் இருக்கிறார். தடை கேட்கிற புத்தகமில்லை அது. கோட்டை உற்றுப் பார்க்கச் சொல்கிற புத்தகம். விருதுக் குழுக்கள் செய்யாத வேலை அதுதான்.

ஃப்ளெக்ஸ் வந்த பிறகு சித்தப்பா பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார். அவருக்கு ஒரு சால்வைகூடக் கிடைத்ததில்லை. கேட்கவும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்ப வருஷமாயிற்று. புனேயில் சாமானியன் சிலை வெட்டவெளியில் நிற்கிறது. நம் ஊர்களில் அம்பேத்கர் சிலைக்கு இரும்புக்கூண்டு போட்டிருக்கிறார்கள். அந்த ஆளு ஊர்லதான் இருக்கான், சித்தப்பா.