பிடிலும் சீனத்துக் குரலும்

1958-ஆம் ஆண்டில் ஷாங்காய் சங்கீதக் கல்லூரி மாணவர் சிலர் ஒரு குழுவாகக் கூடி, மேனாட்டுப் பிடிலைச் சீனத்துச் சாமானிய ஜனங்களும் தமதென்று கேட்டு மகிழும்படி செய்யவேண்டும் என்ற சங்கல்பத்தோடு தொடங்கிய பரீட்சையின் குணதோஷங்களை ஆராயப் புகுவோர்க்கு, அக்குழுவில் ஒருவராயிருந்த யூ லினாவின் வாழ்க்கையைக் காட்டிலும் தக்க சான்று கிடைப்பதரிது. உடன் பயின்ற ஹெ ஜான்ஹாவும் சென் காங்கும் இயற்றிய 'பட்டாம்பூச்சிக் காதலர்' என்னும், பிடிலும் வாத்தியக் கோஷ்டியும் சேர்ந்து இசைக்கும் கன்சர்ட்டோவை 1959 மே 27 அன்று அவர் முதன்முதலாக அரங்கேற்றியபோது, அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

எர்ஹு என்னும் சீன வாத்தியத்தில் இரண்டே தந்திகள். அவற்றின் அடியில் விரற்பலகை இல்லாமையால், அந்தரத்தில் நிற்கும் தந்தியின்மீது விரல் வழுக்கிச் செல்லும்போது ஸ்வரம் குழைந்து, மனிதக் குரலின் விம்மலையே ஒத்துவிடுகிறது. இக்குழைவையும், யுவே இசைநாடக நடிகையர் பாடும் பாணியையும் பிடிலுக்குக் கொணர்ந்ததே அக்குழுவினர் சாதித்த பெருங்காரியம். அக்கன்சர்ட்டோவில் காதலன் கல்லறை முன் நாயகி புலம்பும் கட்டத்தில், வாத்தியக் கோஷ்டி துரிதகதியில் நெருக்கிக்கொண்டு வர, பிடில் மட்டும் தாளத்துக்குக் கட்டுப்படாமல் நீண்டு நிதானமாய் அழுகிறது. நாடகமேடையின் உபாயமாகிய இது, வேறெந்த இசைவடிவத்திலும் இவ்வளவு பொருத்தமாய் அமைந்திருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

ஆயினும் தோஷமும் அங்கேயே இருக்கிறது. மெட்டு சீனத்தினுடையது, அதைத் தாங்கும் ஸ்வரச் சேர்க்கையும் கட்டுக்கோப்புமோ பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவினுடையவை. கல்லறைக் கட்டம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, இரண்டும் ஒன்றையொன்று மாற்றுவதில்லை. மேலே நாட்டுப் பாட்டும் கீழே கடன் வாங்கிய பீடமுமாகவே நிற்கின்றன. பின்வந்தோர் பலர் சீனத்தன்மை வேண்டிய இடமெல்லாம் விரலை வழுக்கியதும், பாவமாக இருந்தது வெறும் பழக்கமாகிவிட்டது.

இத்தகைய பயிற்சி கைத்தேர்ச்சியைக் கெடுக்கும் என்னும் ஆட்சேபத்தை மட்டும் நான் ஒப்பமாட்டேன். கலாசாரப் புரட்சியின்போது தாம் அரங்கேற்றிய அவ்விசையே தடை செய்யப்பட்ட துயரத்தைக் கண்ட யூ லினா, பிற்காலத்தில் அதே கல்லூரியில் ஆசிரியையாக வளர்த்தெடுத்த சீடர் ஹுவாங் மெங்லா, 2002-இல் ஜெனோவா நகரத்துப் பகனினி போட்டியில் முதற்பரிசு பெற்றார். ஐரோப்பியரே வகுத்த உரைகல்லில் அவ்வித்தை தேறிவிட்டது. தேறாமல் நிற்பது, அக்குரலுக்குரிய ஸ்வரச் சேர்க்கையையும் உள்ளிருந்தே உருவாக்கும் பணிதான். அது விரல்களால் ஆவதன்று, இசை இயற்றுவோர் செய்யவேண்டியது.