யாரால்? – தேயிலை மையத்தையும் ஆப்பிரிக்கக் கலைக்கூடங்களையும் ஓர் இலக்கணக் கேள்வியோடு பார்த்தல்

பள்ளி விடுமுறைக்கு முன் கேமரன் மலைக்குப் பேருந்து ஏற்பாடு செய்யும் ஆசிரியர்கள் நம்மில் நிறைய பேர். தேயிலை மையம், ஸ்ட்ராபெரி தோட்டம், பிரிஞ்சாங் சந்தை. திரும்பி வந்ததும் 'நான் சென்ற கல்விச் சுற்றுலா' என்று ஒரு கட்டுரை. திருத்துகிற நமக்குத் தெரியும், பாதிக்கு மேற்பட்ட தாள்களில் பச்சைக் கம்பளம் விரிந்திருக்கும். மலை இருக்கும், பனி இருக்கும், தேநீரின் மணமும் இருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டார்.

பிள்ளைகளைக் குறை சொல்ல வேண்டாம். அவர்கள் பார்த்த கண்காட்சி எப்படிப் பேசியதோ அப்படித்தான் எழுதுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கண்காட்சி மொழியைப் பற்றியது. அதற்கு நம் வகுப்பறையிலேயே ஒரு கருவி இருக்கிறது.

மூன்றாம் வேற்றுமை நடத்தும்போது 'ஆல்' உருபு கருவியையும் கருத்தாவையும் உணர்த்தும் என்று சொல்கிறோம். கருத்தாவை மேலும் இரண்டாகப் பிரிக்கிறோம். 'அரசனால் கோயில் கட்டப்பட்டது' என்றால் அரசன் கல் சுமக்கவில்லை, கட்டச் சொன்னவர். அவர் ஏவுதல் கருத்தா. 'சிற்பியால் சிலை செய்யப்பட்டது' என்றால் கை வைத்துச் செய்தவரே சிற்பி. அவர் இயற்றுதல் கருத்தா. தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வரும் இந்த வேறுபாட்டை எடுத்துக்கொண்டு ஒரு காட்சிக்கூடத்துக்குள் நுழைந்து பாருங்க. அங்குள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் 'யாரால்?' என்று கேளுங்க.

தேயிலை மையங்கள் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கதை சொல்கின்றன. கொழுந்து பறிக்கப்படுகிறது, வாட்டப்படுகிறது, உருட்டப்படுகிறது, காற்றுப்பட வைத்து நிறம் மாற்றப்படுகிறது, உலர்த்தப்படுகிறது, தரம் பிரிக்கப்படுகிறது. எல்லாம் செயப்பாட்டுவினை. 'ஆல்' வருகிற இடம் ஒன்றுதான்: தோட்டத்தை நிறுவியவர். அதாவது ஏவுதல் கருத்தா பெயரோடும் படத்தோடும் நிற்கிறார். இயற்றுதல் கருத்தா வாக்கியத்திலேயே இல்லை.

சுங்கை பாலாஸில் உள்ள தேயிலை மையக் கட்டடத்தைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது தகுதியானது. இசட்.எல்.ஜி. டிசைன் வடிவமைத்தது. சரிவுக்கு மேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பார்வைத் தளம் மலேசியக் கட்டடக்கலையின் நல்ல படைப்புகளில் ஒன்று என்றே நினைக்கிறேன். மலையை வெட்டிச் சமப்படுத்தாமல் மலை மேல் மெதுவாகக் கையை நீட்டியது போல் நிற்கிறது. ஆனால் அந்தத் தளம் நம் கண்ணை எங்கே நிறுத்துகிறது என்பதையும் கவனியுங்க. உயரத்தில், தூரத்தில். அங்கிருந்து பார்த்தால் செடி வரிசை கோலம் மாதிரித் தெரியும். வேலை செய்பவர் ஒரு நிறப் புள்ளி. அந்தப் பச்சைக் கம்பளம் கட்டுரைக்குள் வந்தது இந்த உயரத்திலிருந்துதான்.

இறங்கி வந்தால் கதை வேறு. 1929இல் ஜே. ஏ. ரசல் என்பவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னுடன் சேர்ந்து இந்த மலையில் போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து நிலத்தைத் திருத்தியதில் பெரும்பங்கு தமிழ்த் தொழிலாளர்களுடையது. லயத்து வீடு, காலைப் பெரட்டு, கங்காணி, கொழுந்துக் கூடை, எடை போடும் இடம்: பால்மரக் காட்டில் இருந்த ஒழுங்கேதான், குளிர் மட்டும் கூடுதல். இப்போது சமமான சரிவுகளில் இரண்டு பேர் பிடித்துச் செல்லும் இயந்திரமும், மற்ற இடங்களில் பையோடு இணைந்த கத்தரியும் வந்துவிட்டன. பிடித்திருக்கும் கைகளில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என்று பல ஊர்க்காரர்கள். தமிழ்ப் பிள்ளைகள் இறங்கிவந்து படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், நல்லதுதான். ஆனால் நம் பாட்டி காணாமல் போன அதே வாக்கியத்தில்தான் இன்று வங்காளதேசத்துக்காரரும் காணாமல் போகிறார். இது இன உணர்ச்சிக்கு மட்டுமான விஷயம் இல்லை.

இதற்கு ஆப்பிரிக்கா எதற்கு என்று கேட்பீங்க. தோட்டத் தொழிலாளியைக் காட்சிக்கூடத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்வியை அண்மைக் காலத்தில் துணிந்து கேட்டவர்களில் ஆப்பிரிக்கக் கலைஞர்கள் முக்கியமானவர்கள். தவிர, நமக்கும் அவர்களுக்கும் ஒரு மர உறவு உண்டு. நாடு முழுக்க நிற்கும் செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். 1917இல் கோலசிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில்தான் இங்கே வணிகப் பயிராக நடப்பட்டது.

கொங்கோ ஜனநாயகக் குடியரசில் குவிலு ஆற்றங்கரையில் லுசாங்கா என்று ஓர் ஊர். முன்பு அதன் பெயர் லீவர்வில். சன்லைட் சவர்க்காரத்தின் வில்லியம் லீவர்தான் அந்த லீவர். 1911இல் பெல்ஜிய ஆட்சி அவர் நிறுவனத்துக்கு அங்கே பனையெண்ணெய் எடுக்க மிகப் பெரிய நிலப்பரப்பில் உரிமை கொடுத்தது. ஆள் பிடித்து வேலை வாங்கினார்கள். 1931இல் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தபோது மாக்சிமிலியன் பாலோ என்ற பெல்ஜிய அதிகாரி கொல்லப்பட்டார். அவருடைய ஆவியைக் கட்டிவைக்க, பெண்டே சிற்பி ஒருவர் அவர் உருவத்தில் மரச்சிலை செய்தார். அந்தச் சிலை பின்னாளில் அமெரிக்காவின் வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நம் ஊர்க் காவல்தெய்வக் கதைகள் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அந்த லுசாங்காவில் 2014இல் தோட்டத் தொழிலாளர்கள் சிலர் ஒரு கலைக் கூட்டமைப்பு தொடங்கினார்கள். பெயரே 'கொங்கோ தோட்டத் தொழிலாளர் கலை வட்டம்'. செடார் தமசாலா, மத்தியூ கசியாமா போன்றவர்கள் அதில் இருக்கிறார்கள். களிமண்ணில் சிலை செய்கிறார்கள். அந்த உருவத்தைக் கணினியில் அளவெடுத்து, ஆம்ஸ்டர்டாமில் கொக்கோவிலும் பனையெண்ணெயிலும் வார்க்கிறார்கள். சாக்லேட் சிலை! கேட்கும்போது விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் தங்கள் கையால் விளைந்து, தங்களுக்குக் கிடைக்காமல் கப்பல் ஏறிப் போன பொருளிலேயே தங்கள் முகத்தை வார்த்து, அதே சந்தைக்கு அனுப்புகிறார்கள். 2017இல் நியூயார்க்கில் காட்டினார்கள். விற்ற பணத்தில் பழைய தோட்ட நிலத்தை வாங்கி மரம் நடுகிறார்கள். அதே ஆண்டு லுசாங்காவிலேயே வெள்ளை நிறத்தில் ஒரு கலைக்கூடம் திறந்தார்கள். 2024இல் வெனிஸ் ஈராண்டுக் கண்காட்சியில் நெதர்லாந்து அரங்கு இவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் பாலோவின் சிலை இரவலாக லுசாங்காவுக்கு வந்து அந்த வெள்ளைக் கூடத்தில் நின்றது.

கைதட்டுவதற்கு முன் 'யாரால்?' என்று இங்கேயும் கேட்க வேண்டும். இந்த முயற்சியின் பின்னால் ரென்சோ மார்ட்டென்ஸ் என்ற டச்சுக் கலைஞர் இருக்கிறார். வெள்ளைக் கூடத்தை வடிவமைத்தது ஓ.எம்.ஏ. என்ற நெதர்லாந்துக் கட்டடக்கலை நிறுவனம். வார்ப்பு ஆம்ஸ்டர்டாமில். அப்படியானால் ஏவுதல் கருத்தா இன்னும் ஐரோப்பாவில்தானா? இந்த விமர்சனம் நியாயமானது, பலர் சொல்லியும் விட்டார்கள். என் கருத்து: ஏவியவர் யார் என்ற கேள்வி அங்கே மறைக்கப்படவில்லை, காட்சியின் ஒரு பகுதியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. இயற்றியவர் பெயரும் அட்டையில் இருக்கிறது, நிலப் பத்திரமும் அவர்கள் பக்கம் வருகிறது. கலைக்கூடத்தின் வெள்ளைச் சுவர் எனக்கு உவப்பில்லை. பனங்காட்டு நடுவே நியூயார்க்கைக் கொண்டுபோய் வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த ஒவ்வாமையைத்தான் அவர்களும் எதிர்பார்க்கிறார்கள் போலும்.

எனக்கு இதைவிட நெருக்கமானவர் கானாவின் இப்ராஹிம் மஹாமா. 1987இல் பிறந்தவர். அவருடைய பொருள் கோணிச் சாக்கு. மலாயில் குனி, நமக்குக் கோணி. தோட்டத்து வீட்டில் மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிய அதே சாக்கு. கானாவுக்குச் சாக்கு வங்காளதேசம், இந்தியா போன்ற ஆசிய நாடுகளிலிருந்து போகிறது. அங்கே கொக்கோ நிரப்பி ஏற்றுமதி, பழசானதும் அரிசி, சோளம், கடைசியில் கரி. கிழிந்து, தைத்து, மறுபடி கிழிந்த சாக்குகளைப் புதுச் சாக்குக் கொடுத்து வாங்கி, பலபேர் உட்கார்ந்து ஒன்றாகத் தைத்து, பெரிய கட்டடங்களுக்குப் போர்த்திவிடுகிறார். 2015இல் வெனிஸில் நீண்ட நடைபாதை முழுக்கத் தொங்கவிட்டார். பளிச்சென்ற கட்டடம் திடீரென அழுக்குச் சாக்கில் நிற்கும்போது, சரக்கு எப்படி வந்தது என்று வழிப்போக்கரும் கேட்பார்.

அவரிடமும் ஒரு சிக்கல் உண்டு: தைத்தவர்கள் பலர், அட்டையில் பெயர் ஒன்று. இதற்கு அவர் கொடுத்த பாதி விடை, சில புகைப்படங்கள். வடக்கிலிருந்து நகரத்துக்குப் பிழைக்க வரும் தொழிலாளர்கள் முன்கையில் பெயரையும் ஊரையும் உறவினர் பெயரையும் பச்சை குத்திக்கொள்வார்கள், வழியில் ஏதாவது ஆனால் அடையாளம் தெரியட்டும் என்று. அந்தக் கைகளை அவர் படமெடுத்துக் காட்டினார். பெயரட்டை கலைக்கூடச் சுவரில் இல்லை, தோலிலேயே இருக்கிறது. பாதி விடைதான், ஆனால் மறக்க முடியாத பாதி.

போக வாய்ப்பிருப்பவர்களுக்கு: மஹாமா தம் சொந்த ஊரான தமாலே நகரில் 2019இல் ஒரு சமகாலக் கலை மையத்தைத் திறந்தார், 2020இல் நகருக்கு வெளியே 'ரெட் கிளே' என்ற செங்கல் வளாகம். பழைய விமானங்களை வாங்கி நிறுத்தி அதற்குள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். ஆசிரியர்கள் பார்க்க வேண்டிய இடம் அதுதான். கேப் டவுனில் 2017இல் திறந்த சைட்ஸ் அருங்காட்சியகம் ஆப்பிரிக்கச் சமகாலக் கலைக்குப் பெரிய வீடு. பழைய தானியக் களஞ்சியத்தின் சிமெண்டுக் குழாய்களைக் குடைந்து செய்த கட்டடம் பிரமிப்பாக இருக்கும். களஞ்சியத்தில் மூட்டை சுமந்தவர்களைத் தேடினால், கட்டடத்தின் அழகு கொஞ்சம் குறுக்கே வரும்.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு நம் பக்கத்திலும் சில படிகள் இருக்கின்றன. கண்டியில் ஹந்தானைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தேயிலை அருங்காட்சியகம் உண்டு. அங்கே இயந்திரங்கள் பேசும். அதே மாவட்டத்தில் கம்பளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே 2007இல் ஒரு சிறிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது, லயத்து வீட்டிலேயே. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் மேலே சொன்ன இலக்கணம் தானாகப் புரியும். ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையும் வடிகட்டியையும் பொருளாக வைத்துத் தன் மக்களின் வாழ்வைக் காட்டுகிறார். மலேசிய இந்தியரைப் பற்றிப் பிறர் வைத்திருக்கும் தேய்ந்த படிமங்களையே எடுத்து ஜே. அனுரேந்திரா ஓவியமாக்கினார். கேமரன் தேயிலைக்கு என்று அப்படி ஒரு காட்சி நான் பார்த்ததில்லை. பிரிஞ்சாங்கில் 'டைம் டனல்' என்ற உள்ளூர் அருங்காட்சியகம் பழைய தட்டுமுட்டுச் சாமான்களை அன்பாகச் சேர்த்து வைத்திருக்கிறது. தொடங்குவதற்கு அது நல்ல முன்மாதிரி.

படிவம் ஐந்து மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சுற்றுலாக் கட்டுரையிலோ கருத்து விளக்கக் கட்டுரையிலோ இப்படி ஒரு பத்தி எழுதினால் மதிப்பெண் போகுமா என்று பயப்பட வேண்டாம். 'கொழுந்து பறிக்கப்படுகிறது' என்பதைச் செய்வினையாக மாற்றுவது நீங்கள் பயிற்சிநூலில் செய்கிற வேலைதான். மாற்றும்போது 'யார்' என்ற இடம் காலியாக நிற்கும். அதை நிரப்ப விசாரிக்க வேண்டும், விசாரித்தால் கருத்து கிடைக்கும். மனப்பாட வருணனையில் அது கிடைக்காது.

ஆசிரியர்களே, அடுத்த முறை பேருந்து மலையேறும்போது பார்வைத் தளத்துக்கு முன்னால் எடை போடும் இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்க. வகுப்பில் ஒரு மேசையைக் காட்சிக்கூடம் ஆக்குங்க. தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டி யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் ஒரு பொருள் கொண்டுவரட்டும்: கூடை, பால்வாளி, சம்பளச் சீட்டு, கிழிந்த சாக்கு. இல்லாதவர்கள் பக்கத்துத் தோட்டத்து வெளிநாட்டுத் தொழிலாளரிடம் கேட்டு எழுதட்டும், அவர் சம்மதத்தோடு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை: பொருளின் பெயர், எதனால் ஆனது, எந்த ஆண்டு, யாரால் பயன்படுத்தப்பட்டது. பிள்ளைகள் வழக்கமாக மேலிருந்து கீழே நிரப்புவார்கள். கடைசி வரியை முதலில் நிரப்பச் சொல்லுங்க. ஆண்டு தெரியாவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.